முனை ஒன்று, வாட் வேறு

2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் யூஎஸ்பி டைப்-சி சார்ஜிங் போர்ட் இருந்தாக வேண்டும். கைபேசி, டேப்லெட், ஹெட்போன் முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 அன்றே இந்த விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. தேவையில்லாத சார்ஜர் செலவில் ஆண்டுக்கு 25 கோடி யூரோ மிச்சமாகும் என்பது ஒன்றியத்தின் கணக்கு. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் முனை ஒன்றாகிவிட்டதால் சார்ஜர்களும் ஒன்றாகிவிட்டன என்று நம்பினால், மிச்சமாக வேண்டிய பணம் வேறு வழியில் கரைந்துவிடும். என் பார்வையில் இந்தச் சட்டத்தின் உயிர், வாட் எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்ற சிறு பிரிவில்தான் இருக்கிறது.

பழைய உருளை முனை சார்ஜர்களில், பார்க்க ஒன்றுபோல் இருக்கும் முனைகளில் ஒன்று 12 வோல்ட் தரும், மற்றொன்று 19 வோல்ட் தரும். துளைக்குள் பொருந்துகிறதே என்று செருகினால் கணினியே பழுதாகலாம். டைப்-சியுடன் வந்த பவர் டெலிவரி முறையில், செருகியதும் 5 வோல்ட்தான் வரும். என்னென்ன தர முடியும் என்று சார்ஜர் தெரிவித்து, அதில் தனக்கு வேண்டியதைக் கணினி கேட்ட பிறகே வோல்ட் கூடும். அதனால் ஒழுங்காகத் தயாரித்த சார்ஜர் எதைச் செருகினாலும் பயமில்லை. சார்ஜ் ஏறுமா என்பது வேறு கேள்வி. கைபேசியின் 18 வாட் சார்ஜரைச் செருகினால் சில மடிக்கணினிகளில் மெல்ல மெல்ல ஏறும்; சில அதை ஏற்கவே ஏற்காது. அடாப்டரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 5, 9, 15 வோல்ட் என்று வரிசையாகப் போய், 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று முடிந்திருந்தால், கடைசி இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். கேபிளுக்கும் வரம்பு உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போக வேண்டுமானால், கேபிளுக்குள் அதன் திறனைச் சொல்லும் சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைப் போட்டால் 100 வாட் சார்ஜரிலிருந்தும் 60 வாட்தான் கிடைக்கும். கணினி பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு அலைகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கட்டும்.

ஒரே முனையைச் சட்டமாக்கினால் புதுமை முடங்கும் என்று ஆப்பிள் நிறுவனம் வாதிட்டது. நடந்தது அப்படி இல்லை. 2021இல் பவர் டெலிவரியின் உச்சவரம்பு 100 வாட்டிலிருந்து 240 வாட்டாக உயர்ந்தது. முனையின் வடிவம் மாறவில்லை. நிறுவனங்கள் தங்கள் சொந்த வேகச் சார்ஜிங் முறையையும் கூடவே வைத்துக்கொள்ளலாம், பொது முறை வேலை செய்தால் போதும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. சார்ஜர் இல்லாமலும் வாங்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். சார்ஜரின் விலையை அப்படியே கழித்துவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதன்முதலாக மடிக்கணினி வாங்கும் மாணவருக்கு இது கூடுதல் செலவாகவே முடியலாம். இதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் குறைந்தபட்சம், அதிகபட்சம் எத்தனை வாட், பெட்டிக்குள் சார்ஜர் உண்டா என்பதை வாங்கும் முன்பே காட்டும் அந்த லேபிள் முக்கியமாகிறது.

இந்தியாவிலும் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டிருக்கிறது. கணினி அடாப்டர்களுக்கு அதன் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எண்ணே இல்லாத மலிவு அடாப்டரை வாங்காதீர்கள். மேலே சொன்ன பாதுகாப்பு ஒழுங்காகத் தயாரித்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. 65 வாட் என்று விற்றது 30 வாட்டாக இருந்தாலோ, வேறு சார்ஜர் போட்டதாகச் சொல்லி வாரண்டியை மறுத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பில், அடாப்டரின் அடிப்பக்கப் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.