குழு வேலைக்குக் கைபேசிச் செயலி: தேர்ந்தெடுப்பது எப்படி?

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் படிப்படியாக ஏற்றப்படுகிறது. சுமார் 3 டிகிரி செறிவுடன் வரும் நீர் வெயிலில் காய்ந்து 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். செறிவை அளக்க உப்பளத்தில் ஒரே ஒரு சிறு கருவிதான் இருக்கிறது. பத்துக் கருவிகளை யாரும் வாங்கி வைப்பதில்லை. எதை அளக்க வேண்டும் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். அதனால் எந்தக் கருவி வேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை.

இதே தெளிவு இப்பகுதியின் உழவர் குழுக்களுக்கும் இப்பொழுது தேவைப்படுகிறது. குழு வேலைகளை ஒழுங்கு செய்து தருவதாகக் கூறும் கைபேசிச் செயலிகள் ஏராளமாக வந்துவிட்டன. இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யத் தெரியாமல் பல குழுக்கள் திகைக்கின்றன.

கூட்டுப் பண்ணையமும் அதன் சிக்கலும்

தமிழக அரசு 2017-18ஆம் ஆண்டில் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தது ஓர் உழவர் ஆர்வலர் குழு. ஐந்து ஆர்வலர் குழுக்கள், அதாவது 100 விவசாயிகள் சேர்ந்தது ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. பொதுவில் பண்ணை இயந்திரங்கள் வாங்க உற்பத்தியாளர் குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது.

இயந்திரம் வாங்குவது எளிது. நூறு பேர் அதைச் சண்டையின்றிப் பயன்படுத்துவதுதான் கடினம். யாருக்கு என்று முறை, வாடகை எவ்வளவு, யார் பாக்கி, பழுது பார்த்த செலவு எவ்வளவு என்பவை எழுதப்படாமல் போனால் ஒரே பருவத்தில் மனக்கசப்பு வந்துவிடும். மனக்கசப்பு வந்த குழுவில் டில்லர் கொட்டகையில் துருப்பிடிக்கும். கூட்டாக வாங்கவும் விற்கவும் இருந்த வாய்ப்பும் கைநழுவிப் போகும்.

மரக்காணம் கரையில் மற்றொரு சிரமமும் உண்டு. இங்கே பல குடும்பங்கள் நிலத்தையும் உப்பளத்தையும் நம்பி வாழ்கின்றன. மழை நின்றதும் தை மாதத்தில் உப்பளப் பாத்திகளைச் செப்பனிடும் வேலை வந்துவிடும். மார்கழிப் பட்டத்து நிலக்கடலைக்கு முக்கியமான வேலைகளும் அப்போதுதான் வருகின்றன. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. ஆகவே, நாள் தவறாமல் வேலையைப் பிரித்துக்கொள்வது மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம் அவசியமாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இருபது பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் நிலக்கடலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுகிறது. இருபது ஏக்கருக்கு 3,200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 64 மூட்டைகள் வேண்டும். இதை விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் இட்டு மண் அணைத்துவிட வேண்டும். அதற்குப் பின் மண்ணைக் கிளறினால் மண்ணுக்குள் இறங்கும் விழுதுகள் அறுபட்டுக் காய்ப் பிடிப்பு குறையும்.

மார்கழி 10ஆம் தேதி விதைத்தவருக்கு இந்த நாள் தை 20 முதல் 25க்குள் வருகிறது. ஆகவே பொங்கலுக்கு முன்பே பணம் வசூலாகி, மூட்டைக்குச் சொல்லிவைத்து, வண்டிக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். "அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்" என்று ஒருவரையொருவர் கைகாட்டினால் இருபது ஏக்கரும் ஒன்றாகப் பாதிக்கப்படும். செயலி உதவ வேண்டிய இடம் இதுதான்.

முதலில் குறையைக் கண்டறிக

செயலியைத் தேடுமுன் குழுக் கூட்டத்தில் சென்ற பருவத்தில் நேர்ந்த தவறுகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவை மூன்று வகையில் அடங்கும்.

1. செய்தி சென்று சேராமை: இதற்குப் புதுச் செயலி தேவையில்லை. பெரும்பாலோர் கையில் இருக்கும் வாட்ஸ்அப் போதும். ஆனால் காலை வணக்கப் படங்களும் திருமண அழைப்புகளும் வரும் குழுவில் ஜிப்சம் செய்தி மேலே போய் மறைந்துவிடும். எனவே வேலைச் செய்திக்கென்று தனிக் குழு அமைத்து, தலைவரும் செயலரும் மட்டும் செய்தி இடும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். யார் யாருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பதற்கு அதிலேயே உள்ள வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தலாம். எழுதத் தெரியாதவர்கள் தலைவருக்கோ செயலருக்கோ தனியே குரல் பதிவாகப் பதில் அனுப்பலாம்.

2. பொறுப்பும் நாளும் தெளிவாக இல்லாமை: இதற்கு வேலை, பொறுப்பாளர், கடைசி நாள், முடிந்ததா என்ற நான்கு கட்டங்கள் கொண்ட பட்டியல் போதும். கூகுள் ஷீட்ஸ் போன்ற பொதுத் தாளில் இதைத் தமிழிலேயே எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். ட்ரெல்லோ, ஜோஹோ புராஜெக்ட்ஸ் போன்றவை பெரிய நிறுவனங்களின் சிக்கலான வேலைகளுக்கும் ஏற்றவை. அவற்றோடு மேலும் பல துணை வசதிகளை இணைத்துக்கொள்ளவும் முடியும். ஆயினும், பருவத்துக்குப் பத்துப் பதினைந்து கூட்டு வேலைகள் மட்டுமே உள்ள குழுவுக்கு இவை பெரும்பாலும் மிகையே. பல குழுக்களை இணைத்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் இவற்றைப் பரிசீலிக்கலாம்.

3. கணக்கு தெளிவில்லாமை: குழு உடைவதற்கு முதற்காரணம் இதுவே. பற்று, வரவு எழுதும் செயலியில் பாக்கி உள்ளவருக்குத் தானாக நினைவூட்டல் செல்லும் வசதி உண்டு. ஆனால் கணக்கை ஒருவர் மட்டும் பார்க்கும் செயலி குழுவுக்கு ஆகாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே பார்க்க முடிய வேண்டும். நபார்டு வங்கி 2015இல் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டங்களில் தொடங்கிய இ-சக்தி திட்டம், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குகளைக் கைபேசி வழியாகப் பதிவு செய்தது. கணக்கு தெளிவாக இருந்தால் வங்கி நம்பிக் கடன் தரும் என்பதே அதன் அடிப்படை. உழவர் குழுவுக்கும் இது பொருந்தும்.

இலவசமாக இருப்பதை முதலில் பயன்படுத்துக

தமிழக அரசு 2018இல் வெளியிட்ட உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை ஆகியவற்றை அறியலாம். வேளாண் இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. இந்திய வானிலைத் துறையின் விவரங்களைத் தரும் மேகதூத் செயலி 2019இல் வந்தது. இவை குழுவின் உள்வேலையை நடத்தித் தரா. ஆனால் குழு முடிவெடுக்கத் தேவையான செய்திகளைத் தரும். உறுப்பினர் ஒருவர் வாரந்தோறும் இவற்றைப் பார்த்துக் குழுவுக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம்.

தேர்வு செய்யுமுன் கேட்க வேண்டியவை

* செயலி தமிழில் இயங்குகிறதா? தமிழில் எழுத முடிகிறதா?
* விலை குறைந்த கைபேசியில் ஓடுமா? கழனியில் தொடர்பு கிடைக்காதபோது எழுதி வைத்து, பிறகு அனுப்ப முடியுமா?
* கட்டணம் குழுவுக்கா, ஆளுக்கா? ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகும். இலவசம் என்றால் எத்தனை நாளைக்கு, எத்தனை பேருக்கு?
* எழுதியதை யார், எப்போது மாற்றினார் என்று பார்க்க முடியுமா?
* செயலியை விட்டுவிட நேர்ந்தால் கணக்கு முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா?
* கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள் ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேட்கிறதா? வேலைக்குத் தொடர்பில்லாத அனுமதியைக் கேட்கும் செயலியை விலக்குவதே நல்லது.

ஒரு பருவம் சோதனை

புது நெல் ரகத்தை எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் யாரும் நடுவதில்லை. செயலிக்கும் இதே முறைதான். ஜிப்சம் வாங்குவது, டில்லர் முறை வைப்பது போன்ற ஒரே ஒரு வேலைக்கு, ஒரே ஒரு செயலியைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பருவ முடிவில் எத்தனை பேர் உண்மையில் திறந்து பார்த்தார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். இருபதில் ஐந்து பேர்தான் பார்த்தார்கள் என்றால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஒன்று பழகிய பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சாதாரணக் கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களும், கைபேசியே இல்லாத முதியோரும் பெண்களும் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்கு நேரிலோ அழைத்தோ சொல்ல ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். செயலியில் உள்ள பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டுவதும் அவசியம்.

தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் கைவிடக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் பகுதியும் பெரும் மழையைச் சந்தித்தது. புயல் நாட்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போவது இக்கரைக்குப் புதிதல்ல. வாரம் ஒருமுறை செயலிக் கணக்கைப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்திட்டு வைத்தால் எந்த நிலையிலும் கணக்கு தப்பும்.

கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அவர் விலகும்போது கணக்கும் அவரோடு போய்விடும். வங்கியிலிருந்து கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. குழுக் கணக்கு எழுதவென்று வந்து, உடனடிக் கடன் தருவதாக ஆசை காட்டும் செயலியை உடனே நீக்கிவிட வேண்டும்.

நாணயத்தையும் ஒற்றுமையையும் எந்தச் செயலியும் தராது. ஆனால் நாணயமாக நடப்பவர் அதை மற்றவருக்குக் காட்டவும், மறதியால் வரும் இழப்பைத் தவிர்க்கவும் அது உதவும். வரும் மார்கழிப் பட்டத்துக்கு முன் குழுக்கள் கூடிப் பேசி, தங்கள் குறை எது என்று கண்டு, அதற்கேற்ற ஒரே ஒரு செயலியைத் தேர்ந்து பழகுவார்களானால், ஜிப்சம் உரிய நாளில் கழனியில் இருக்கும். டில்லரும் முறைப்படி ஓடும்.