உருக்கும் நுண்குழாயும்: கார்பன் நானோகுழாய்களின் வலிமை, நிலைப்புத்தன்மை குறித்த கணினிவழி விளக்கம்

முன்னுரை

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ள மேல்சிறுவள்ளூர், மூசையில் உருக்கு செய்யப்பட்ட பழங்களங்களுள் ஒன்றாகும். அங்குக் கிடைத்த மூசை ஓடுகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவ்வூரில் உயர்கரிம உருக்கு உருவாக்கப்பட்டதை 1994இல் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இவ்வகைத் தென்னிந்திய உருக்கே டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளாயிற்று என்பது உலோக வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 2006இல் செருமனியின் டிரெஸ்டன் நகர ஆய்வர்கள், 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்து நோக்கியபோது கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். அவ்வாளின் வலிமைக்கு நானோகுழாயே காரணம் என்று கூறலாமா? இவ்வினாவிற்கு விடை காண, குழாயின் இயந்திரப் பண்புகளை அறிதல் வேண்டும்.

விறைப்பும் சுவர்த் தடிப்பும்

நானோகுழாய் என்பது அறுகோண வலையாக அமைந்த ஓரணுத் தடிப்புள்ள கார்பன் தாள் உருளையாகச் சுருண்ட வடிவம். அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணக்கிட்டு அவற்றின் நகர்வைப் படிப்படியாகப் பின்தொடர்வது மூலக்கூறு இயங்கியல் முறை. இம்முறையில் யாகப்சன் குழுவினர் 1996இல் பெற்ற யங் குணகம் 5.5 டெராபாஸ்கல், பிற ஆய்வுகள் பலவும் தருவது ஏறத்தாழ 1 டெராபாஸ்கல். இம்முரண் தோற்றமளவினதே. முன்னவர் சுவர்த் தடிப்பை 0.066 நானோமீட்டர் எனவும், பின்னவர் கிராஃபைட்டு அடுக்குகளின் இடைவெளியான 0.34 நானோமீட்டர் எனவும் கொண்டனர். குணகத்தைத் தடிப்பால் பெருக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தருகின்றன. எனவே தடிப்பைச் சுட்டாமல் எஃகின் 200 கிகாபாஸ்கலோடு குழாயின் குணகத்தை ஒப்பிடுதல் பொருளற்றது.

குறைகளும் வலிமையும்

குறையற்ற குழாயின் இழுவிசை வலிமை 100 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும் எனக் குவாண்டம் கணக்கீடுகள் காட்டுகின்றன. ஆனால் 2000இல் பலசுவர்க் குழாய்களை இழுத்து அளந்தபோது, வெளிச்சுவரின் வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரையே அமைந்தது. இவ்விடைவெளியை விளக்க உருவகப்படுத்தல் துணைபுரிகிறது. ஓரிரு அணுக்கள் நீங்கிய குழாயின் வலிமை கால் பங்கு வரை குறைகிறது. துளை பெரிதாயின் இழப்பும் மிகுகிறது. ஒரு பிணைப்பு 90 பாகை திரும்பி, நான்கு அறுகோணங்கள் இரண்டு ஐங்கோணங்களாகவும் இரண்டு எழுகோணங்களாகவும் மாறும் ஸ்டோன்-வேல்ஸ் குறையும் முறிவிற்குத் தொடக்கமாகலாம்.

நிலைப்புத்தன்மை

அமுக்கத்தில் குழாயின் நடத்தை வேறானது. யாகப்சன் குழுவின் உருவகத்தில், ஏறத்தாழ 1 நானோமீட்டர் விட்டமும் 6 நானோமீட்டர் நீளமும் உடைய குழாய் 5 விழுக்காடு சுருங்கியதும் திடீரென நெளிந்தது. ஆயினும் பிணைப்புகள் அறுபடாமையால், விசை நீங்கியபின் பழைய வடிவிற்கு மீளும் ஆற்றல் அதற்கு உண்டு.

இம்முடிவுகள் தனித்து நிற்கும் குழாய்க்கு உரியவை. செஞ்சூட்டில் அடிக்கப்படும் இரும்பு, கார்பனைத் தன்னுள் கரைக்கும் இயல்புடையது. உருக்கினுள் குழாயின் நிலைப்பை மதிப்பிட, இரும்பணுக்களையும் வெப்பநிலையையும் உருவகத்தில் சேர்த்தாக வேண்டும். குழாய்க்கும் இரும்பிற்கும் இடையே விசை கடத்தப்படாவிடில், வலிமை மிக்க குழாயும் உருக்கிற்கு வலுச்சேர்க்காது.

முடிவுரை

நானோகுழாய் உருக்கில் இருத்தல் ஒன்று. உருக்கின் வலிமைக்கு அது காரணமாதல் மற்றொன்று. உயர்கரிம உருக்கின் கடினத்தன்மையில் இரும்புக் கார்பைடான சிமென்டைட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மேலும், டிரெஸ்டனில் ஆராயப்பட்டது வாளின் துணுக்கே. மேல்சிறுவள்ளூரின் மூசை அன்று. ஆகவே வாளில் கண்டதை இக்களத்தின் மீது ஏற்றியுரைத்தல் தகாது. இரும்பையும் கார்பனையும் அளவறிந்து இணைத்த கொல்லர்தம் திறனுக்கு மூசை ஓடுகளே சான்று. அதற்கு மேற்பட்ட கூற்று எதுவாயினும், அக்களத்து மாதிரிகளின் நுண்ணோக்கிச் சான்றும் இரும்பை உள்ளடக்கிய உருவகமும் ஒருங்கே துணைநிற்கும்போதே ஏற்புடையதாகும்.