அசல் படம் அப்படியே இருக்கட்டும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் நடுநிலைப் பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் எடுத்த குழுப் படம் அது. மூன்று வரிசைகளில் 32 பேர். அன்று மாலையே அதை ஓர் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியிருந்தது. 'படத்தின் அளவு அதிகம்' என்று தளம் மறுத்தது. அவசரத்தில் 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினேன், அதே பெயரில் சேமித்தேன், பதிவேற்றினேன். கைபேசியில் இடம் இல்லை என்று அங்கிருந்த படத்தையும் நீக்கிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஆண்டு மலருக்காக அந்தப் படத்தை அச்சகத்தில் கொடுத்தேன். "சார், இது ரெண்டு அங்குல அகலத்துக்குத்தான் வரும். முழுப் பக்கத்துக்குப் போட்டா முகமே தெரியாது" என்றார் வடிவமைப்பாளர். பெரிதாக்கிக் காட்டினார். முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றன. பிள்ளைகளோ அதற்குள் வேறு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த 32 பேரை மறுபடியும் ஒன்றாக நிற்க வைக்க முடியுமா?

படத்தைச் சுருக்கியது தவறல்ல, அசலின் மேலேயே சுருக்கியதுதான் தவறு. நாள்தோறும் ஏதாவது ஒரு படத்தைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும் நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே பகிர்கிறேன்.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

வரைகட்டத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு நிறம். இப்படிப்பட்ட கட்டங்கள் லட்சக்கணக்கில் சேர்ந்ததே படம். ஒரு கட்டம்தான் ஒரு பிக்சல். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். இதைத்தான் '12 மெகா பிக்சல் கேமரா' என்கிறோம்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க மூன்று எண்கள் வேண்டும். எண்ணுக்கு ஒரு பைட் என்று வைத்தால் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்பி. ஆனால் கைபேசியில் அந்தப் படம் சில எம்பி மட்டுமே காட்டும். மிச்சத்தைக் குறைத்தது 'ஜேபெக்' என்னும் சேமிப்பு முறை. 1992இல் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட இந்த முறை நம் கண்ணின் இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகக் காணும் நம் கண், நிற வேறுபாட்டை அந்த அளவு நுணுக்கமாகக் காண்பதில்லை. எனவே நிற விவரம் குறைக்கப்படுகிறது. பிறகு படம் 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாற்றங்கள் விடப்படுகின்றன.

விட்டது விட்டதுதான், திரும்ப வராது. ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மீண்டும் மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு நேரும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

சுருக்க இரண்டு வழிகள்

ஒன்று, பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. இரண்டு, எண்ணிக்கையை அப்படியே வைத்து ஜேபெக் தரத்தைக் குறைப்பது. பதிவேற்றத்துக்கு முதல் வழியே பெரும்பாலும் போதும். 4000க்கு 3000 உள்ள படத்தை 1200க்கு 900 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை 10,80,000 ஆகிறது. பழையதில் பதினொன்றில் ஒரு பங்கே. திரையில் பார்க்க இது தாராளம்.

என் குழுப் படத்துக்கு என்ன ஆயிற்று? 640 பிக்சல் அகலத்தில் ஒரு வரிசையில் 11 பேர். ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 58 பிக்சல். முகத்துக்கு அதில் பாதிகூட இல்லை. இல்லாத விவரத்தை எந்த அச்சகமும் கொண்டுவர முடியாது.

எதற்கு எவ்வளவு?

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. எனவே 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல் வேண்டும். 8 அங்குலத்துக்கு 2400. இதழுக்கோ மலருக்கோ அனுப்புவது எப்போதும் அசல் படமாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் சுருங்கியே போய்ச் சேரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே போகும்.

திரையில் காட்டவும் தளத்தில் பதிவேற்றவும் 1200 முதல் 1600 பிக்சல் அகலம் போதும். முழு எச்டி திரையின் அகலமே 1920 பிக்சல்தான். மாணவரின் விண்ணப்பப் படத்துக்கு அந்தந்தத் தளம் சொல்லும் அளவே கணக்கு. கேபி அளவுக்கு உச்ச வரம்பு மட்டுமல்லாமல், குறைந்தபட்ச வரம்பும் சில இடங்களில் உண்டு. இரண்டையும் படித்த பிறகே தொடங்குங்கள்.

செய்முறை

பள்ளிக் கணினியில் விண்டோஸ் இருந்தால் 'பெயிண்ட்' போதும்.

1. அசல் படத்தை முதலில் நகல் எடுங்கள். இனி நகலில்தான் வேலை.
2. நகலைப் பெயிண்டில் திறந்து, தேவையற்ற பகுதியை 'கிராப்' மூலம் வெட்டுங்கள். பாஸ்போர்ட் அளவு படம் என்றால் அகலம் 3.5, உயரம் 4.5 என்ற விகிதம் வரும்படி வெட்டுங்கள்.
3. 'ரீசைஸ்' அழுத்தி, 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. 'மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளையின் முகம் பக்கவாட்டில் பெருத்தோ நெட்டையாக இழுபட்டோ போகும்.
5. அகலத்தில் 1200 என்று இடுங்கள். உயரம் தானே மாறும். விண்ணப்பப் படத்துக்கு 350 இட்டால் உயரம் 450 வரும்.
6. 'சேவ் ஆஸ்' சென்று, ஜேபெக் ஆக, வேறு பெயரில் சேமியுங்கள்.

அளவு இன்னும் அதிகம் என்றால் அசலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சுருக்கியதையே மேலும் சுருக்க வேண்டாம்.

தளம் ஏற்காவிட்டால்

அளவு சரியாக இருந்தும் தளம் மறுக்கிறதா? கோப்பின் வகையைப் பாருங்கள். ஐபோன் 2017 முதல் 'ஹெய்க்' என்ற வகையில் படங்களைச் சேமிக்கிறது. பல தளங்கள் அதை ஏற்பதில்லை. கோப்பின் பெயரில் உள்ள கடைசி எழுத்துகளை மாற்றினால் மட்டும் வகை மாறிவிடாது. படத்தைத் திறந்து ஜேபெக் ஆகச் சேமிக்க வேண்டும். நேராக எடுத்த படம் படுத்தபடி பதிவேறினால், பெயிண்டில் நிமிர்த்திச் சேமித்துப் பதிவேற்றுங்கள்.

பிள்ளைகளின் படம் என்பதால்

'இலவசமாகப் படம் சுருக்கித் தருகிறோம்' என்னும் இணையதளங்கள் ஏராளம். அங்கே சுருக்க வேண்டுமானால் பல தளங்களில் படத்தை முதலில் அவர்களிடம் பதிவேற்ற வேண்டும். நம்மை நம்பி அனுப்பிய பிள்ளையின் முகம் முன்பின் தெரியாத கணினிக்குப் போக வேண்டுமா? பள்ளிக் கணினியிலேயே சுருக்கிக்கொள்வோம்.

இன்னொன்று: கைபேசி எடுக்கும் படத்துக்குள் எடுத்த நாள், நேரத்தோடு இடமும் பதிவாகக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவைப்பது நல்லது. எடுத்த படத்திலிருந்து நீக்க, விண்டோஸில் படத்தின் 'ப்ராப்பர்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' சென்றால் அடியில் அதற்கான வழி இருக்கிறது. பெற்றோரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே பிள்ளையின் படத்தை வெளியிடுவோம்.

வகுப்பறைக்கும் கொண்டு செல்லலாம்

வரைகட்டத் தாளில் 16க்கு 16 கட்டத்துக்குள் 'அ' எழுத்தைக் கட்டங்களை நிரப்பி வரையச் சொல்லுங்கள். பிறகு அதையே 8க்கு 8 கட்டத்தில், அடுத்து 4க்கு 4 கட்டத்தில். எந்த இடத்தில் 'அ' தொலைகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பக்கம் பாதியானால் பரப்பளவு ஏன் கால் பங்காகிறது என்பதும் சொல்லாமலே விளங்கிவிடும்.

இப்போது எங்கள் பள்ளிக் கணினியில் இரண்டு கோப்புறைகள் உள்ளன. ஒன்றின் பெயர் 'அசல்', மற்றொன்று 'பதிவேற்றம்'. அசலில் உள்ளதை யாரும் திருத்துவதில்லை; ஆண்டு முடிவில் அதை வெளி வன்தட்டிலும் ஒரு படி எடுத்துவைக்கிறோம். அந்த 32 பேரின் படம் மட்டும் அதில் சிறியதாகவே இருக்கிறது. அடுத்து வந்த எட்டாம் வகுப்பினரின் படம் 4000 பிக்சல் அகலத்தில் பத்திரமாக இருக்கிறது.