திக்கற்றவள் யார்?

கிளியூர் அருவி பார்க்க ஏற்காடு ஏறுகிறோமே, அந்தச் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே திருச்செங்கோடு ஆசிரமத்தில் இருந்துகொண்டு, குடியை எதிர்த்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையே நடத்தினவர். அவர் எழுதிய கதைதான் 'திக்கற்ற பார்வதி'. 1974-ல் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கினார். ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்தார்கள்.

தமிழ் வாத்தியார் இல்லையா, எனக்குத் தலைப்பு மேலேதான் கண்ணு. திக்கு என்றால் திசை மட்டுமில்லை, ஆதரவு. குடிக்கிறவன் கருப்பன், தலைப்பிலே அவன் பேரே இல்லை! வண்டி வாங்கக் கடன். வருகிற காசு குடிக்கு. கடன் கொடுத்த இடத்துக் கண்ணோ பார்வதி மேலே.

'அவன் காசு, அவன் குடிக்கிறான்' என்றாரே எதிரணி நண்பர்? ஐயா, பார்வதி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலையே!