வாந்திபேதிக்கு முதல் மருந்து

பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் மாரிகுப்பத்தோடு நின்றுவிடும். அங்கிருந்த தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது; சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல இன்னும் சுரங்கத்தின் பழைய லைன் வீடுகளில்தான் இருக்கின்றன. நெருக்கியடித்த வீடுகள், குடத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர், ஓரமாக ஓடும் சாக்கடை. ஒரு பிள்ளைக்கு வந்த வாந்திபேதி அடுத்த வீட்டுக்குப் போக இது போதும்.

சின்னக் குழந்தைகளுக்கு வாந்திபேதி பெரும்பாலும் ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்களால் வருகிறது. சில சமயம் ஈ.கோலை, ஷிகெல்லா, காலரா கிருமிகள். எதுவானாலும் மலத்திலிருந்து கை, ஈ, தண்ணீர் வழியாக வாய்க்குப் போவதுதான் பாதை. கொதிக்கவைத்த தண்ணீரிலும் கழுவாத கையோடு டம்ளரை முக்கினால் கொதிக்கவைத்தது வீண்.

உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கிருமியைவிட, உடம்பு இழக்கும் நீரும் உப்பும்தான். பேதியாகும்போதும் குடலின் ஒரு வழி திறந்தே இருக்கிறது: உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

இருந்தும் "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று குழந்தையைக் காயப்போடுகிறோம். இது பெரும் தவறு. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் நிறுத்தாமல், மொத்தம் 10 முதல் 14 நாள் வரை கொடுங்கள். வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. பேதியை அடைக்கும் மாத்திரை குழந்தைக்குக் கூடாது. இனிப்பு ஜூஸ் பாக்கெட் எதுவும் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

கண் குழிந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்கவே முடியாமல் துவண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்; குழந்தையால் குடிக்க முடிந்தால் வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். அரசு தடுப்பூசித் திட்டத்தில் அது இலவசம்.