துலக்கிய பித்தளை கறுக்காதிருக்க

ஊரை விட்டுப் பிழைப்புக்காக வருகிறவர்கள் எதனைக் கொண்டுவர மறந்தாலும் பித்தளையைக் கொண்டுவர மறப்பதில்லை. நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் குத்துவிளக்கும் குடமும் குங்குமச் சிமிழும் இல்லாத இல்லம் அரிது. ஆனால் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், அல்சூர் முதலிய தண்டுப் பகுதிகளில் பழங்குடித்தனக்காரர் சிலர் வீட்டில் வேறொரு பித்தளைப் பொருளையும் காணலாம். கூடத்து அலமாரியின்மேல் பூச்சாடியாக அது நிற்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடியில் வட்டமாக முத்திரைகளும் ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அது பீரங்கிக் குண்டின் வெற்றுக்கூடு.

எங்கள் வீட்டிலும் அத்தகைய கூடு ஒன்று உண்டு. 1780-ஆம் ஆண்டில் தோன்றி, இன்றும் அல்சூர் ஏரிக்கருகில் தலைமையிடம் கொண்டுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையில் என் பாட்டனார் இரண்டாம் உலகப் போரின்போது பணியாற்றினார். பர்மாப் போர்முனையிலிருந்து மீண்டபோது அவர் கொண்டுவந்த செல்வம் அது ஒன்றுதான் என்று பாட்டியார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருபத்தைந்து பவுண்டர் என்னும் பீரங்கிக்கு உரிய கூடு. ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட உயரம். அதன் வயிற்றுப்புறத்தில் பாட்டனார் ஓர் ஆணியைக் கொண்டு தம் பெயரையும் 1945 என்னும் ஆண்டையும் தம் கைப்படக் கீறியிருந்தார்.

'கீறியிருந்தார்' என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டியார் அதனைச் செங்கற்பொடியும் புளியும் இட்டுத் துலக்கி வந்தார். அவருக்குப்பின் என் அன்னையார் துலக்கினார். முகம் பார்க்கலாம் என்னும்படி அது மின்னியது; எழுத்துகளோ ஆண்டுக்காண்டு தேய்ந்தன. பித்தளையைத் துலக்குவது என்றால் அழுக்கை மட்டும் நீக்குவதன்று. அழுக்கோடு ஒட்டிய பித்தளையிலும் ஒரு மயிரிழையை நீக்குவது. இஃது எனக்கு விளங்கியபோது பாட்டனார் பெயரின் முதலெழுத்தாகிய 'வே' என்பதில் கொம்பு போய் 'வ' மட்டுமே எஞ்சியிருந்தது.

ஆதலின் துலக்குவதைக் குறைக்க வேண்டும், அதற்குக் கறுக்காமல் வைக்க வேண்டும் என்று நானே ஒரு வழி செய்தேன். 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் குடக்கூலி வீடு மாறும்போது, அதனை இறுதியாக ஒருமுறை நன்கு துலக்கி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் இரண்டு மாட்டி, பிளாஸ்டிக் பையிலிட்டுப் பரண்மேல் வைத்தேன். அவ்வாண்டு பெங்களூரில் பெய்த மழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபரில் ஆயுத பூசைக்கென்று இறக்கிப் பிரித்தபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தாள் பட்ட இடமெல்லாம் செம்பழுப்புத் திட்டுகள். விளிம்பில் பச்சைக் களிம்பு. ரப்பர் இருந்த இடத்தில் மை கொண்டு இழுத்தாற்போன்ற இரண்டு கருங்கோடுகள்; அவற்றில் ஒன்று சரியாக எழுத்துகளின் குறுக்கே! இவை போதாவென்று, என் ஐந்து விரல்களின் ரேகையும் போலீஸ் நிலையத்துப் பதிவேடுபோல் அதன்மேல் பதிந்திருந்தது.

கரியைத் தேய்த்தால் எழுத்தும் போகும். தேய்க்காவிடில் கரி நிற்கும். என்ன செய்வதென்று அறியாமல், படைக்கலக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்று எங்கள் தெருவில் வாழும் ஒரு பெரியவரிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டே அதை வாங்கினார். "தம்பி, துலக்கினது சரிதான், கட்டி வைத்ததுதான் தப்பு" என்றார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முதற்கண் கூட்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். தோட்டாக்கூடும் குண்டுக்கூடும் செய்யும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்திருக்கும். வட்டத் தகட்டை முதலில் கிண்ணம்போல் குழித்து, பின்னர்ப் படிப்படியாக இழுத்து நீட்டி, இடையிடையே சூடேற்றி இளக்கி, அதனைக் குழல்வடிவாக்குவர். இவ்வாறு இழுபட்ட உலோகத்தின் உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். வெளியிலிருந்து காண்பார்க்கு அது தெரியாது.

அவ்விறுக்கம் நம் நாட்டிலே ஒரு பெரிய புதிரை உண்டாக்கிற்று. ஆங்கிலேயர் படை இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கை குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், எவரும் தொடாத தோட்டாக்கள் பலவற்றின் கூடு வெடித்துக் கீறல் விட்டிருக்கும். பருவத்தில் வருவதால் இதற்குப் 'பருவ விரிசல்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டனர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதனை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, அதாவது நவச்சார ஆவி, ஈரக்காற்றோடு கலந்து பித்தளையைத் தாக்குகிறது; உள்ளே இறுக்கம் உள்ள பித்தளை அத்தாக்குதலைத் தாங்காது பிளக்கிறது. செய்து முடித்த கூட்டை மெல்லிய சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் விரிசல் வருவதில்லை என்பதும் தெளிவாயிற்று.

நம் வீட்டில் லாயம் ஏது என்று அன்பர்கள் கேட்கலாம். தரை துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும், கண்ணாடி துடைக்கும் நீரிலும், பித்தளை மெருகிடும் திரவங்கள் சிலவற்றிலுமே இந்த ஆவி கலந்திருக்கிறது. மாடித் தோட்டத்துக்கென்று வாங்கி வைத்த எருமூட்டையும் அதனை வெளியிடும். நான் கூட்டை வைத்த பரண் குளியலறையின் மேலது; பக்கத்தில் இருந்தவை துப்புரவுப் புட்டிகள். விரிசல் விழாதது பாட்டனார் செய்த புண்ணியமே.

இனிக் கறுப்பதன் காரணம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பித்தளை மங்கும். அது மெதுவாக நிகழ்வது. விரைவாகக் கறுக்கச் செய்வது கந்தகம். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கின்றனர். கம்பளியிலும் கந்தகம் உண்டு. சாக்கடை ஆவியிலும் உண்டு. செய்தித்தாளில் புளிப்புத்தன்மை உள்ளது. ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வியர்வையில் உப்பு இருத்தலால், துலக்கியபின் வெறுங்கையால் தொட்ட இடத்தில் ரேகை உடனே தெரியாது. சில வாரங்கள் கழித்துத் தெரியும். இன்னொன்றையும் பெரியவர் சொன்னார். நாட்பட்ட பழுப்பு நிறம் பித்தளைக்கு ஒரு போர்வை போன்றது. புதிதாகத் துலக்கியது போர்வை இழந்தது. அதற்கே பாதுகாப்பு மிகுதியும் வேண்டும். நாமோ துலக்கிவிட்டோமே என்று கவலையற்றுக் கட்டி வைத்துவிடுகிறோம்.

புளியைப் பற்றி நம் பெண்மணிகளோடு வாதாட எனக்குத் துணிவில்லை. ஆயினும் புளித்தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்தல் தகாது. அவ்வாறு செய்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பின் இளஞ்சிவப்பு தலைகாட்டும். சிவந்துவிட்டது, நன்றாகத் துலங்கிற்று என்று மகிழ்வது தவறு. புளியின் எச்சம் விளிம்பிலும் எழுத்துக் கீறலிலும் தங்கினால் அங்கிருந்தே பச்சை புறப்படும். ஆகவே பல முறை நல்ல நீரில் அலசி, கடைசியாக வெந்நீரில் அலசி, உடனே துணியால் ஒற்றி, உட்புறமும் உலரும்படி வெயிலில் வைக்க வேண்டும். கூட்டின் வாய் குறுகியது. உள்ளே நிற்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அதனை ஒரு மணி நேரமேனும் கவிழ்த்து வைத்துப் பின் நிமிர்த்தி வைத்தல் நலம்.

உலர்ந்தபின் வெறுங்கை படலாகாது. துணிக் கையுறை இல்லையேல் பழைய பருத்தித் துண்டே போதும். காப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவுவோர் உளர். விளக்கின் அகலில் எண்ணெய் பச்சையாகத் திரிவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இதனைச் செய்கிறோம்! சமையல் எண்ணெய்கள் நாட்பட்டால் புளித்துச் செம்பை அரிக்கும். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெய் அவ்வாறு புளிப்பதில்லை. ஒரு துளியைத் துணியில் தொட்டுப் பூசி, பூசிய சுவடே தெரியாதபடி துடைத்துவிட வேண்டும். மெழுகு பூசினால் இன்னும் நெடுநாள் நிற்கும். உண்ணும் பாத்திரத்துக்கு இவை இரண்டும் ஆகா; அலங்காரப் பொருளுக்கே உரியவை. பொருட்காட்சிச் சாலையினர் பென்சோட்ரையசோல் என்னும் மருந்தைப் பயன்படுத்துகின்றனர். அது நச்சுத்தன்மை உடையதாகையால் நம் வீட்டுக்கு வேண்டா.

பின்னர்ச் சுற்றுதல். கஞ்சியிடாத, சோப்பு நீங்க நன்கு அலசிய பழைய வேட்டித் துணியே சிறந்தது. அதனையும் பருத்தி நாடாவால் கட்டுக; ரப்பர் வளையத்தைப் பெட்டிக்கு அருகிலும் விடவேண்டா. துணி சுற்றிய பொருளைப் பாலித்தீன் பையிலிட்டு, காலணிப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா உப்புப் பொட்டலம் இரண்டை உடன் வைத்து வாயைக் கட்டலாம். ஈரம் முற்றும் நீங்காமல் பையிலிட்டால் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும். உள்ளிருக்கும் ஈரத்துக்கு நாமே சிறை கட்டியவராவோம். பொட்டலங்கள் ஈரத்தை உண்டு ஓய்ந்துவிடும் ஆதலால் மழைக்குமுன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் மாற்றுக. புது ஒட்டுப்பலகை அலமாரியின் நெடி அடங்கும்வரை அதற்குள் பித்தளையை வைத்தல் ஆகாது.

இடையே ஓர் எச்சரிக்கை. நான் எழுதுவதெல்லாம் வெற்றுக்கூட்டைப் பற்றியதே. பழைய பெட்டியிலோ தோண்டிய மண்ணிலோ குண்டோடு கூடிய தோட்டா அகப்பட்டால் அதனைத் துலக்க முயலாமல், தொடாமல், போலீசாருக்குத் தெரிவித்துவிட வேண்டும். அடியில் மருந்துக் குமிழ் வெடியாதிருக்கும் கூட்டுக்கும் இதுவே விதி.

கருங்கோடுகளுக்குப் பெரியவர் மருந்து சொல்லவில்லை. "இருக்கட்டும் விடு, கோட்டை எடுத்தால் பெயர் போய்விடும்" என்றார். விளிம்பின் களிம்பை மட்டும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, வெந்நீரால் துடைத்து, மெழுகு பூசிச் சுற்றி வைத்தேன். இப்போது அது பரணில் இல்லை; படுக்கையறை இரும்பு அலமாரியில், என் மெட்ரிகுலேஷன் சான்றிதழும் குடும்ப அட்டையும் இருக்கும் தட்டில் இருக்கிறது. அதன்பின் ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு எடுத்தோம்; ஒரு முறையும் துலக்கவில்லை. சென்ற முறை என் மகள் கையுறை மாட்டிக்கொண்டு அதனை விளக்கருகில் சாய்த்துப் பிடித்தபோது, 1945 என்பதில் நான்கு இலக்கங்களும், கருங்கோட்டின் அடியில் அந்த 'வ'வும் தெளிவாகத் தெரிந்தன. கொம்பு எங்கே என்று கேட்டாள். கொள்ளுப்பாட்டி புளிபோட்டுத் துலக்கிவிட்டாள் என்றேன்.