பந்தைப் பிடித்த பையன் யார்? அமெரிக்கச் சிற்றூர்களின் வெள்ளி இரவு ரேடியோ!

நம்மூரில் சனிக்கிழமை விடியற்காலை 5.30 மணி என்றால், அமெரிக்காவின் டெக்சாஸில் அப்போதுதான் வெள்ளிக்கிழமை இரவு 7 மணி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்த நேரத்துக்கு அங்கே பல சின்ன ஊர்களின் கடைத்தெரு வெறிச்சோடிவிடும். ஊரே ஹைஸ்கூல் மைதானத்தில் இருக்கும். வர முடியாத தாத்தா பாட்டிகள், நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் அம்மாக்கள், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்கள் ரேடியோவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அணிக்கு 11 பேர், 100 கெஜ மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், 6 புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

நாடு முழுக்க சுமார் 10 லட்சம் பள்ளி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். டெக்சாஸில் இது கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா. டல்லாஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூட அணிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012-ல் திறந்தார்கள். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு அதை மூடிவைத்தது தனிக்கதை!

வெள்ளிக்கிழமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. சனிக்கிழமை கல்லூரி அணிகளுக்கு, ஞாயிறு தொழில்முறை அணிகளுக்கு. 1961-ல் வந்த ஒரு சட்டம், தொழில்முறை லீக் தன் டி.வி. உரிமையை மொத்தமாக விற்க அனுமதி கொடுத்தது. பிற்பாடு அந்தச் சட்டத்தில் பள்ளி ஆட்டங்களுக்காக ஒரு கொக்கியும் சேர்ந்தது. சீசனில் வெள்ளி மாலை 6 மணிக்குப் பிறகு, பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்துக்கு 75 மைலுக்குள் இருக்கும் டி.வி. நிலையத்தில் தொழில்முறை ஆட்டத்தைக் காட்டினால் அந்தச் சலுகை செல்லாது. பெரிய லீக்கின் ஆட்டம் டி.வி.யில் ஓடினால் பள்ளி மைதானத்தில் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கவலைதான். டெக்சாஸ் பள்ளி விளையாட்டு அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளிகளின் வெள்ளி இரவு ஆட்டங்களையே டி.வி.யில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று வைத்திருந்தது. கொரோனா வந்த 2020-ல்தான் அதைத் தளர்த்தியது. ரேடியோவுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் மைதானத்துக்கு வராதவர்களுக்குக் கண்ணும் காதும் ரேடியோ வர்ணனையாளர்தான்.

டயலில் இடமிருந்து வலம்

1932-ல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ரேடியோ நிலையத்தில் வேலை கேட்டு ஓர் இளைஞர் போனார். காலி ஸ்டுடியோவில் உட்காரவைத்து, ஒரு ஃபுட்பால் ஆட்டத்தைக் கற்பனையில் வர்ணிக்கச் சொன்னார்கள். தான் கல்லூரியில் ஆடிய ஆட்டம் ஒன்றையே ஞாபகத்திலிருந்து அவர் வர்ணிக்க, வேலை கிடைத்தது. பிற்பாடு அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்தான் அவர்.

இன்றும் அடிப்படை அதேதான். கேட்பவருக்கு எதுவும் தெரியாது. பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது, எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம், ஸ்கோர் என்ன, எவ்வளவு நேரம் பாக்கி என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். நம் அணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு, 'உங்கள் ரேடியோ டயலில் இடமிருந்து வலம்' என்று சொல்வது அங்கே பழகிப்போன வழக்கம். வானொலியில் தமிழ் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

தொழில்முறை ஆட்டம் என்றால் வீரர்களின் முகம், வரலாறு எல்லாம் ஊருக்கே தெரியும். இங்கே வருடா வருடம் புதுப் பையன்கள். களத்தில் ஒரே நேரத்தில் 22 பேர், ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது, சேறு பட்டால் முதுகு நம்பரும் தெரியாது. அதனால் ஒரு பெரிய அட்டையில் இரண்டு அணிகளின் நம்பர், பெயர், இடம் எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதி மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள். பைனாகுலரோடு பக்கத்தில் உட்காரும் உதவியாளர், பந்தைப் பிடித்தது யார், மடக்கியது யார் என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டுவார். அவருக்கு 'ஸ்பாட்டர்' என்று பெயர். ஒலிபரப்பில் அவர் குரல் வராது. ஆனால், அவர் விரல் ஒரு கட்டம் தள்ளிப்போனால் யாரோ ஒருவருடைய பேரன் போட்ட டச்டவுன் இன்னொருவருடைய பேரன் கணக்கில் போய்விடும்!

பெயர் உச்சரிப்பு அடுத்த தலைவலி. மெக்சிகோ, வியட்நாம், நைஜீரியா, இந்தியா என்று எங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே அணியில் இருப்பார்கள். நல்ல வர்ணனையாளர்கள் ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரிடமோ பையனிடமோ கேட்டு, ஒலிப்படி எழுதிவைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பையன்களுக்கு ஃபுட்பால் ஹைஸ்கூலோடு முடிந்துவிடும். ரேடியோவில் அவன் பெயர் வருவது அந்த இரண்டு, மூன்று வருடங்கள்தான். அதையும் தப்பாகச் சொல்லலாமா?

பையன் எழுந்திருக்கவில்லை என்றால்...

இந்த வேலையில் ஆகக் கஷ்டமான நிமிடங்கள் ஸ்கோரோடு சம்பந்தப்பட்டவை அல்ல. ஆடுபவர்கள் 16, 17 வயதுப் பிள்ளைகள், சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. கையில் விழுந்த பந்தை ஒருவன் நழுவவிட்டால் தொழில்முறை வீரரை வறுத்தெடுப்பது போல வறுத்தெடுக்க முடியாது. 'பந்து நழுவியது, மூன்றாவது முயற்சி' என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். திங்கட்கிழமை காலை அவன் வகுப்புக்குப் போக வேண்டும் இல்லையா?

அதைவிடக் கஷ்டம், மோதலுக்குப் பிறகு ஒருவன் எழுந்திருக்காமல் கிடப்பது. மைதானம் அமைதியாகிவிடும். பயிற்சியாளர்கள் உள்ளே ஓடுவார்கள். மைக் முன்னால் இருப்பவர் ஏதாவது பேசியாக வேண்டும். மௌனமாக இருந்தால் கேட்பவர்கள் இன்னும் பயப்படுவார்கள். ஆனால், கழுத்தா, காலா, எலும்பு முறிவா என்று ஊகிக்கக் கூடாது. எங்கோ ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கும் அவன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம்: கையை அசைக்கிறான், உட்காரவைக்கிறார்கள், தானே நடந்து வெளியே வருகிறான். ரீப்ளே கிடையாது, டாக்டர் அறிக்கை கிடையாது. அந்த மூன்று நிமிடத்தை எப்படிக் கடக்கிறார் என்பதில் தெரிந்துவிடும், நல்ல வர்ணனையாளர் யார் என்பது.

இத்தனைக்கும் பலருக்கு இது முழுநேர வேலை இல்லை. பகலில் அதே நிலையத்துக்கு விளம்பரம் பிடிப்பவராகவோ, ஊர் வங்கியில் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். ஒலிபரப்புச் செலவைக் கொடுப்பதும் அதே ஊர் டயர் கடை, மருந்துக் கடை, கால்நடைத் தீவனக் கடைதான்.

நிலையங்களின் நிலைமைதான் சுமார். ஏ.எம். அலைகள் இரவில் வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போய் வேறு நிலையங்களோடு மோதும் என்பதால், சூரியன் மறைந்ததும் பல ஏ.எம். நிலையங்கள் சக்தியைக் குறைத்தாக வேண்டும். சரியாக ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம்! 250 வாட்ஸ் வரையிலான சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மீட்டர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். உள்ளூரிலேயே ஸ்டுடியோ இருக்க வேண்டும் என்ற விதியை 2017-ல் அரசு எடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், 2013-ல் தொடங்கிய ஹைஸ்கூல் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்று, ஆள் இல்லாமலேயே பந்தைத் துரத்தும் தானியங்கி கேமராக்களைப் பள்ளிகளில் மாட்டியிருக்கிறது. படம் தெளிவாகத்தான் வருகிறது. 24-ம் நம்பர் பையன் ஓடுவது தெரியும். வர்ணனைக்கு ஆள் உட்காராத ஆட்டத்தில், அவன் யார் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

பல சின்ன நிலையங்கள் இப்போது இணையத்திலும் ஒலிபரப்புகின்றன. சனிக்கிழமை சீக்கிரம் எழுந்தால், போனிலேயே கேட்டுப் பார்க்கலாம். முதலில் டயர் கடை விளம்பரம் வந்தாலும் வரும், மாற்றிவிடாதீர்கள்.